ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம்

பாலக்கரை, திருச்சி
9-2-2025

மதிப்புக்குரிய நல்லுசாமி அண்ணனுக்குப் பரக்கத் அலி எழுதிக்கொண்டது. இறைவன் கிருபையால் நானும் ஷரபுன்னிசாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உப்பிலியபுரத்தில் தாங்களும் மகனும் மருமகளும் பேரப் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்தக் கையெழுத்து யாருடையது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். என்னுடையதுதான் அண்ணே. யாரும் சொல்லி நான் எழுதவில்லை, நான் சொல்லி யாரும் எழுதவில்லை. இதுவரை எழுதியதற்கே இரண்டு நாள் ஆனது.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ரஞ்சனி என்று ஒரு டீச்சர் பஸ் ஏறி வருகிறது. பதினெட்டு பேர் சேர்ந்தோம். ஆம்பிளை நான் ஒருவன்தான். எழுபத்தொரு வயதில் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். பாத்திர வாடகைக் கடையில் முப்பது வருடம் அண்டாவின் நெளிவைப் பார்த்தே இது யார் வீட்டுக்குப் போய் வந்தது என்று சொன்னவன் நான். எழுத்து அதைவிடக் கஷ்டமா என்று போனேன். கஷ்டம்தான். 'ஷ' போட ஒரு வாரம் ஆனது. அது வராமல் என் மனைவி பெயரை எழுத முடியாதே.

இப்போது தெருவில் நடக்கவே நேரம் ஆகிறது. எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. கடைக்குப் பின்னால் ஒரு சுவர் உண்டு. அவசரத்துக்கு நாங்கள் ஒதுங்குகிற இடம். அதில் பெரிதாக எழுதியிருப்பது ஏதோ கட்சிக்காரர் பெயர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் எழுத்துக் கூட்டினேன். அங்கே ஒதுங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

டீச்சர் கொடுத்த முதல் புத்தகத்தில் படகு ஆற்றில் போகிறது என்று வந்தது. அப்புறம் என்ன ஆனது என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றது. அப்புறம் என்ன என்று இல்லாததைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை என்றேன். அது சிரித்துவிட்டு ஒரு நாவலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. பெயர் 'நாற்பது நாள் காற்று'. இருநூற்றுப் பத்துப் பக்கம். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் படிக்கிறேன். மீதியை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன், கை வலிக்கிறது.

சவுதியில், தமாமில் ஐந்து வருடம் என் கையும் கண்ணும் நீங்கள்தான். நான் சொல்வதை ஊருக்கு எழுதினீர்கள். ஷரபுன்னிசா அடுத்த வீட்டில் எழுதி வாங்கி அனுப்பியதை எனக்கு வாசித்தீர்கள். போன் போட்டால் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று மருமகள் சொல்கிறது. அதுவும் நல்லதுதான். இனி எழுதலாம்.

தங்கள் தம்பி
பரக்கத் அலி

*

உப்பிலியபுரம்
20-2-2025

பிரியமுள்ள பரக்கத் பாய்க்கு நல்லுசாமியின் வணக்கம். தங்கள் வீட்டில் யாவரும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது.

உங்கள் கடிதத்தை மருமகள் அறிவுமதி கொண்டுவந்து கொடுத்தாள். ஏதோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருக்கிறாள். நான் அதை வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துப் பயந்துபோனாள். முகாம் அறையில் என் கட்டிலுக்கு எதிரே குந்தி, கன்னத்தில் கை வைத்து, சொல்லிக்கொண்டே இருந்த மனிதரா இவர்? ஒரு வரி சொல்வீர்கள், நாலு பெருமூச்சு விடுவீர்கள். பெருமூச்சையும் எழுது அண்ணே என்பீர்கள்.

வெங்காயம் எடுத்து முடித்துவிட்டோம். பச்சமலைப் பக்கம் வெயில் இப்போதே ஏறிவிட்டது. வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அதனால் கதையைச் சொல்லுங்கள். உலகம் எப்படி அழிந்தது? யார் மிச்சம்?

அன்புடன்
நல்லுசாமி

*

பாலக்கரை
12-3-2025

அன்பான அண்ணனுக்கு நோன்பு பதினோராம் நாள் தம்பி எழுதுவது. வெயிலிலும் நோன்பு நன்றாகப் போகிறது. ஷரபுன்னிசாவுக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்றார், அவள் கேட்கவில்லை. தங்கள் சுகத்துக்கு இப்தார் நேரத்தில் துஆ செய்கிறேன்.

கதை கேட்டீர்கள். நாற்பது நாள் உப்புக் காற்று அடித்தது. பயிர் செத்தது, கிணறு கரித்தது, கரண்ட் போனது, டவுன் டவுனாக ஜனங்கள் காலி. இதை நமக்குச் சொல்வது நீலா என்று ஒரு பெண். பதின்மூன்று வயது. மளிகைக் கடையில் கிடைத்த பழைய பில் தாள்களின் பின்பக்கம் எழுதுகிறது. என்ன வாய் அண்ணே அதற்கு! பசியிலும் கிண்டல் செய்கிறது. செத்துக் கிடக்கிற டவுனைப் பார்த்து, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை போல இருக்கிறது என்று எழுதுகிறது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஷரபுன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நீலாவுக்கு ஆறு வயதில் ஒரு தம்பி, பொன்னன். இரண்டு பேரும் வறண்ட ஆற்று மணலில் மேற்கே நடக்கிறார்கள். மலையில் தண்ணீர் இருக்கிறது என்று கேள்வி. அவர்கள் அம்மா வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறந்துபோனாள். பொன்னன் தூங்கிக்கொண்டிருந்தான். நீலா அவனிடம் சொல்லவில்லை. அம்மா முன்னால் நடந்து போயிருக்கிறாள், நாம் பின்னால் போகிறோம் என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன செய்கிறது தெரியுமா? விடிகிற நேரத்தில் அவனுக்கு முன்பே எழுந்து, அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் மணலில் நடந்துவிட்டு வருகிறது. பையன் எழுந்து அந்தத் தடத்தைப் பார்க்கிறான். அம்மா இப்பத்தான் போயிருக்கா என்று ஓடுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அஸர் தொழப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. பாவம்தான்.

இந்த நாவல் முடிந்ததும் அடுத்து என்ன படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பரணில் பிஸ்கட் டின்னில் ஷரபுன்னிசா தமாமுக்கு எழுதச் சொல்லி அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன. நாற்பத்தொன்று. எண்ணத்தான் தெரியுமே எனக்கு.

அதில் ஒரு காரியமும் தீர வேண்டும். என் மகன் கலீம் மூன்று வயதில் மவுத்தானது உங்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்ததும் ஷரபுன்னிசாவிடம், பிள்ளை நாலு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறான், ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். மூன்று கடிதம் எழுதினேன் என்றாள். அப்படி ஒன்றை நான் கேட்கவே இல்லை என்றேன். பெட்டியில் இருக்கும், யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அழுதாள். நான் மறுத்துவிட்டேன். நல்லுசாமி அண்ணன் வாசித்ததை இன்னொருவனிடம் கொடுத்துச் சரிபார்ப்பது உங்களைச் சந்தேகப்படுவது ஆகாதா? ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு முறை வாசித்தவர் நீங்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கலீம் பெயர் இல்லை. அவள் எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

இனி யாரையும் கேட்க வேண்டாம். நானே படித்து, பார், எங்கே இருக்கிறது என்று அவளிடம் காட்டிவிடலாம்.

தம்பி பரக்கத் அலி

*

உப்பிலியபுரம்
16-3-2025

பரக்கத் பாய்க்கு நல்லுசாமி. நலம். தங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். கடிதம் நேற்றுக் கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

நாவலை வேகமாகப் படிக்க வேண்டாம். நோன்பு நேரம், கண்ணுக்குச் சிரமம். படித்த பக்கத்தையே மறுபடி படித்தால் எழுத்து நன்றாகப் படியும். பழைய கடிதங்கள் எதற்கு? முப்பது வருடத்துக்கு மேல் ஆன மை. பூச்சி அரித்திருக்கும். அடுத்த வீட்டுத் தஸ்லிமா அவசரத்தில் கிறுக்கிய எழுத்து வேறு, எனக்கே தடுமாறும். புதிதாகப் படிப்பவருக்கு அச்சு எழுத்துதான் நல்லது.

பையனிடம் சொல்லி இரண்டு நாவல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்று கடலில் நடக்கிற கதை. இன்னொன்று முந்நூற்றைம்பது பக்கம். இதை முடித்துவிட்டு அவற்றைப் படியுங்கள்.

நல்லுசாமி

*

பாலக்கரை
8-4-2025

அண்ணனுக்குப் பெருநாள் கழிந்து தம்பி எழுதும் மடல். பிரியாணி செய்தோம், உங்களை நினைத்தோம். புத்தகங்கள் வந்து சேர்ந்தன. முந்நூற்றைம்பது பக்கத்தைப் பார்த்ததும் ஷரபுன்னிசா, உங்க அண்ணன் உங்களுக்கு ஆயுசை நீட்டி வைக்கிறார் என்றாள். அவள் இப்படிக் கிண்டல் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. நான் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அவளும் கொஞ்சம் பேசுகிறாள். சாயங்காலம் படித்ததை அவளுக்குச் சொல்லச் சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் சில வார்த்தைக்கு அர்த்தம் கேட்க ஸ்ரீரங்கம் போனேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கீழே பார்த்தேன். மணல், ஓரமாகத் தண்ணீர் ஒரு கோடு. நாலு மாடு நின்றது. எத்தனையோ தடவை பார்த்த ஆறுதான். அன்றைக்கு நீலாவும் பொன்னனும் அந்த மணலில் வருவது போலவே இருந்தது. எழுந்து நின்று பார்த்தேன். கண்டக்டர் உட்காருங்க பாய் என்று சத்தம் போட்டார்.

டீச்சர் வீட்டில் இல்லை. அம்மா மண்டபத்துக்கு வந்து படித்துறையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். எள்ளும் தர்ப்பையும் விற்கிற பாலு என்பவர் பக்கத்தில் வந்தார். திதி கொடுக்க வருகிற இடத்தில் தொப்பி போட்ட கிழவனுக்கு என்ன வேலை என்று அவருக்குச் சந்தேகம்.

"என்ன பாய், யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்லைங்க. படிக்க வந்தேன்."

"வீட்ல இடம் இல்லையா?"

"இந்தக் கதை ஆத்துலதாங்க நடக்குது."

அவருக்குக் கதையைச் சொன்னேன். பாலத்துக்கு அடியில் சிலர் கயிறு கட்டி, கடந்து போகிறவர்களிடம் இருக்கிற தண்ணீரில் பாதி கேட்கிற இடம் வந்தது. நீலாவின் பாட்டிலில் இருப்பதே மூன்று மடக்கு. பாலு எள் பொட்டலத்தைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வாங்க வந்தவரும் நின்றார். அப்புறம் என்ன ஆச்சு என்றார்கள். நான் இன்னும் அந்தப் பக்கம் படிக்கவில்லை என்றேன். என்னங்க நீங்க, அரைகுறையா வந்து சொல்றீங்க என்று கோபித்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து எழுத்துக் கூட்டி அவர்களுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படித்தேன் அண்ணே. நான்! நாலு பேர் கேட்க!

ஒரு கேள்வி. நீங்கள் என்னைவிடப் படித்தவர். நீலா பொன்னனிடம் மறைப்பது சரியா? நான் சரி என்கிறேன். இல்லையென்றால் அவன் நடப்பானா? ஷரபுன்னிசா தப்பு என்கிறாள். உங்கள் தீர்ப்பு என்ன?

பரக்கத் அலி

*

உப்பிலியபுரம்
21-4-2025

பாய்க்கு நல்லுசாமி எழுதுவது. உடம்பு பரவாயில்லை. தங்கையையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரே இருப்பவர் உடைந்துவிடுவார் என்று பயந்து ஒரு நாள் ஒன்றை மறைக்கிறோம். அடுத்த நாள் முதல் நாளை மறைக்க வேண்டியிருக்கிறது. அவள் தினமும் அந்தச் செருப்பைப் போடுவது அம்மாவுக்காக இல்லை. நேற்றுப் போட்டதற்காக. சுமப்பதும் அவள்தானே? இதை உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

எத்தனை பக்கம் பாக்கி?

நல்லுசாமி

*

பாலக்கரை
7-5-2025

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி. சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

நாற்பது பக்கம் பாக்கி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அண்ணன் இவ்வளவு ஆழமாகப் பேசுகிறாரே என்று வியந்தேன். ஆனால் இப்போது நான் கட்சி மாறிவிட்டேன். பொன்னனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் அவன் முன்பே எழுந்துவிட்டான். அக்கா அம்மாவின் செருப்போடு மணலில் நடந்து போவதைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை. அவள் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்கிறான். வந்ததும் ஒன்றுதான் கேட்கிறான். "அம்மா செத்த அன்னிக்கு நான் என்னக்கா பண்ணிக்கிட்டு இருந்தேன்?" நீ தூங்கிக்கிட்டு இருந்தே என்கிறாள். "அதுக்கப்புறம் இத்தனை நாளும் சிரிச்சுக்கிட்டு இருந்தேனா?" என்கிறான்.

அண்ணே, அந்த இடத்துக்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கு அதை ஷரபுன்னிசாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்துகொண்டே, கலீம் உடம்பு வீங்கிக் கிடந்தபோது தினமும் அத்தா எப்ப வரும் என்று கேட்டான் என்றாள். நான் வழக்கம் போல எழுந்துவிட்டேன். வாசல்வரை போனேன். அப்புறம் திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதல் தடவை.

பக்ரீதுக்குள் நாவல் முடிந்துவிடும். முடிந்த மறுநாள் டின்னை இறக்கிவிடுவேன். அவள் சொல்வது பொய் என்று காட்டுவதற்கு இப்போது ஆசை இல்லை. பொய்யாக இருந்தால் இருக்கட்டும், அதை முடித்துவிட்டுக் கலீமைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறது.

பரக்கத் அலி

*

பாலக்கரை
20-5-2025

அண்ணனுக்கு. சுகம்தானா? என் கடிதம் வந்ததா? உங்களிடமிருந்து பதில் வர இவ்வளவு நாள் ஆனதில்லை. நான் ஏதும் தப்பாக எழுதிவிட்டேனா? புதிதாக எழுதுகிறவன், ஒன்றை நினைத்து வேறொன்றை எழுதியிருப்பேன். மன்னிக்கவும். பதினெட்டுப் பக்கம் பாக்கி.

பரக்கத் அலி

*

உப்பிலியபுரம்
24-5-2025

மதிப்பிற்குரிய பெரியவருக்கு, அறிவுமதி வணங்கி எழுதுகிறேன். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாமாவுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் உட்கார்ந்து எழுதுகிறார், மத்தியானம் கிழித்து அடுப்பில் போடுகிறார். என்ன என்று கேட்டால், ஒருவர் படித்து முடிப்பதற்குள் நான் எழுதி முடிக்க வேண்டும் என்கிறார். எங்களுக்குப் புரியவில்லை. உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

அறிவுமதி

*

உப்பிலியபுரம்
29-5-2025

பரக்கத் பாய்க்கு,

இதை மெதுவாகப் படியுங்கள். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். அதற்காகவே பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

தங்கை பொய் சொல்லவில்லை. மூன்று கடிதம் வந்தது. 1992 ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. மூன்றும் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. மூன்றையும் நான் உங்களுக்கு வாசித்தேன். கலீம் பற்றிய வரிகளை மட்டும் வாசிக்கவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோதும் அதே இடங்களை விட்டேன்.

நம் அறையிலிருந்த பீமராவை நினைவிருக்கும். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கடிதம் வந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்டுக் கம்பெனி ஆபீசில் போய்ச் சண்டை போட்டான். பிடித்துக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். ஐந்து மாதம். அம்மாவையும் பார்க்கவில்லை. ஜூலைக் கடிதம் வந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. பிள்ளைக்கு உடம்பு வீங்குகிறது, முடிந்தால் வாருங்கள் என்ற வரியைப் பார்த்ததும் நீங்கள் அந்த ஆபீஸ் வாசலில் நிற்பதுதான் எனக்குத் தெரிந்தது. தாண்டிப் படித்துவிட்டேன். சின்னப் பிள்ளை, தேறிவிடும், அடுத்த கடிதத்தில் நல்ல செய்தி வரும் என்று நினைத்தேன். அடுத்ததில் வரவில்லை.

இவ்வளவோடு நிறுத்தி நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நிறுத்தினால் இதுவும் விட்டுப் படித்ததுதான். அந்த அறையில் நம் பாஷை பேச நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். நீங்கள் போய்விட்டால் நான் தனியாக இருக்க வேண்டும் என்ற பயமும் எனக்கு இருந்தது. எது பெரிய காரணம் என்று முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை.

அக்டோபர்க் கடிதத்தில் அவள் உங்களை வரச் சொல்லவில்லை. வர முடியாவிட்டால் ஒரு கேசட்டில் பேசி அனுப்புங்கள், பிள்ளை அத்தா குரலைக் கேட்க வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. பக்கத்து அறையில் டேப்ரெக்கார்டர் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், முன்னால் இரண்டு கடிதத்தில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். நவம்பரில் பிள்ளை இறந்த செய்தியை இரண்டு நாள் காய்ச்சல் என்று வாசித்தேன்.

ஊருக்குப் போய் அவளோடு பேசித் தெரிந்துகொள்வீர்கள், என்னைத் திட்டி எழுத வைப்பீர்கள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. நீங்கள் அவளை நம்பவில்லை, என்னை நம்பினீர்கள் என்பதே உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

டின்னைத் திறந்து நீங்களாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன். அதுகூட நேர்மையா, பயமா, தெரியவில்லை.

நல்லுசாமி

*

பாலக்கரை
2-7-2025

நல்லுசாமி அண்ணனுக்குப் பரக்கத் அலி எழுதுவது.

இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். தாங்களும் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. படிக்க இரண்டு நாள் எடுத்தது. முதல் தடவை படித்ததும் நான்தான் எழுத்துக் கூட்டியதில் தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி எனக்கு அடிக்கடி நடக்கும். மறுபடி படித்தேன். அப்போதும் அதுவே வந்தது. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். படிக்கக் கற்றுக்கொண்டதற்கு அன்றைக்கு ஒரு நாள் வருத்தப்பட்டேன். வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் வீடு தேடி வந்தது. காய்ச்சல் என்றேன். அது இரண்டு நாள் காய்ச்சலா என்று யதார்த்தமாகக் கேட்டது.

பக்ரீத் முடிந்து பத்து நாள் வரை ஷரபுன்னிசாவிடம் சொல்லவில்லை. பார்த்தீர்களா, நானும் மறைத்தேன். அப்புறம் ஒரு நாள் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அந்த முறத்து அரிசி முழுவதையும் பொறுக்கி முடித்தாள். கையைத் துடைத்தாள். டின்னை இறக்கச் சொன்னாள்.

அக்டோபர்க் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நீலத் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. 'பாசமுள்ள மச்சானுக்கு' என்று படித்தேன். அடுத்த வரியில் 'கலீ' வரை கூட்டினேன். அவள் கையை நீட்டி எழுத்தின் மேல் வைத்து மூடிவிட்டாள்.

"நீங்க படிக்க வேணாங்க. யாரு படிக்காம விட்டாங்களோ, அவங்க வந்து படிக்கட்டும்."

அண்ணனுக்கு எழுபத்துநாலு வயசு, முழங்கால் முடியாது, காதும் கேட்காது என்றேன்.

"காதுதானே கேக்காது. வாய் பேசும்ல."

மூன்று கடிதத்தையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்களைத் திட்டி எழுத வேண்டும் என்று பல நாள் உட்கார்ந்தேன். வரவில்லை. நீங்கள் நாலு மாதம் மறைத்தீர்கள். நான் அவளை முப்பத்திரண்டு வருடம் பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தேன். ஒரு தடவை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் போதும். உங்கள் மேல் வைத்த நம்பிக்கையைப் பெரிய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் எழுதவில்லை. அது முதலில் அவளுடையது. அவள் என்னையே இன்னும் மன்னித்தாளா என்று தெரியாது. சோறு போடுகிறாள். கலீம் பெயரைச் சொல்கிறாள். நான் எழுந்து போவதில்லை.

நாவலையும் முடித்துவிட்டேன். கடைசி எட்டுப் பக்கத்தை ஒரே நாளில் படித்தேன். மலையில் தண்ணீர் இருந்ததா என்று இங்கே எழுதவில்லை. அவ்வளவு நல்ல கதையை நான் கெடுக்கக் கூடாது, நீங்களே படிக்க வேண்டும். வரும்போது தருகிறேன்.

13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். துறையூரில் மாறி ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கலாம். மருமகளைத் துணைக்குக் கூட்டி வாருங்கள். நான் ஒன்பது மணியிலிருந்து அங்கே நிற்பேன். பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து நானே உங்களைக் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் வாசித்துவிட வேண்டும் என்கிறாள். மூன்று கடிதமும், ஜூலையிலிருந்து வரிசையாக, ஒரு வரி விடாமல். ஒரு தடவை வாசித்தால் போதும்.

வாசிக்கிற கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.

பரக்கத் அலி